பெரிய மல்டிடூலத்தான் தினமும் இடுப்புல வச்சிருக்கேன், ஏன்னு கேக்குறவங்களுக்கு

"எங்க போனாலும் இந்த இரும்பக் கட்டிக்கிட்டே வரணுமா, சின்னதா ஒண்ணு வாங்கி பாக்கெட்ல போட்டுக்கக் கூடாதா"ன்னு ஆறு வருஷமா பாக்குறவங்க எல்லாம் கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்லி முடியல, அதான் இங்க எழுதிடறேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுமை இருக்கறவங்க படிங்க.

மல்டிடூல்னா பிளேயர் (குறடு), கத்தி, கத்திரி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரே உடம்புல மடங்கி இருக்கற கருவி. என்கிட்ட இருக்கறது லெதர்மேன் கம்பெனியோட சர்ஜ். மடக்கி வச்சா பதினொன்றரை சென்டிமீட்டர் நீளம், எடை 350 கிராமுக்குக் கொஞ்சம் மேல. அதே கம்பெனியோட வேவ் பிளஸ் 240 கிராம்தான், அதனால நிறைய பேரு அங்கயே நின்னுடுவாங்க. நான் அதுக்கும் கீழ இருந்து ஆரம்பிச்சவன். சாவிக்கொத்துல மாட்டுற சைஸ்ல ஒண்ணத்தான் ரெண்டு வருஷம் வச்சிருந்தேன், இதுக்கு மேல எதுக்குன்னு நானே பல பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

அந்த எண்ணம் ஒரே ராத்திரில போச்சு. ஃப்ரெண்ட் வீட்டுல வாஷிங் மெஷினுக்குத் தண்ணி வர்ற ஹோஸ், குழாய்ல மாட்டுற இடத்துல நட் லூஸாகி தண்ணி பீச்சி அடிக்குது, மெயின் வால்வும் பல வருஷமா திருகாம இறுகிக் கெடக்கு. சாவிக்கொத்த எடுத்தேன், அந்த குட்டி பிளேயர் வாய் நட்டோட பாதி அகலத்துக்குக் கூட தெறக்கல, வால்வுக் கைப்பிடியைப் புடிச்சுத் திருகினா பிளேயரோட பிடி ரெண்டும் உள்ளங்கைக்குள்ள குத்தி ரத்தம் கட்டிருச்சே தவிர வால்வு அசையல. பக்கத்து வீட்டு அண்ணன் டூல் பெட்டியோட வர்றதுக்குள்ள ஹால் வரைக்கும் தண்ணி, கட்டில் கீழ வச்சிருந்த புத்தகப் பெட்டி முழுக்க ஊறிப் போச்சு. வால்வை மூட அவருக்கு அர நிமிஷம்தான் ஆச்சு, அவரு கையில இருந்தது சாதாரண பெரிய பிளேயர்.

அன்னைக்குத்தான் ஒண்ணு மண்டைல ஏறுச்சு. கத்தி சின்னதா இருந்தாலும் பொட்டலம் பிரிக்கும், ஸ்க்ரூ டிரைவர் சின்னதா இருந்தாலும் கண்ணாடி ஸ்க்ரூவ இறுக்கும், ஆனா பிளேயர் மட்டும் சின்னதானா அது பிளேயரே இல்ல. நெம்புகோல் கணக்குதான், பிடி எவ்வளவு நீளமோ அவ்வளவு அழுத்தம் வாய்க்குப் போகும், பிடி பாதியானா அதே கை பலத்துக்கு கிடைக்கற அழுத்தமும் ஏறக்குறைய பாதிதான். இதுல பெருசுக்கு இன்னொரு நன்மை, பிடி அகலமா இருக்கறதால முழுக் கையும் அதுல உக்காரும், வலிக்காது, வலிக்காததால இன்னும் அழுத்திப் புடிக்க முடியும்.

இந்தக் கருவி பொறந்த கதையும் அதுவேதான். டிம் லெதர்மேன் 1975ல மனைவியோட பழைய ஃபியட் கார்ல ஐரோப்பா பக்கம் சுத்தப் போனாரு, வண்டி வழியெல்லாம் மக்கர் பண்ணுது, தங்கின எடத்துலயெல்லாம் குழாய் ஒழுகுது. அவருகிட்ட மடக்குக் கத்தி இருந்துச்சு, பிளேயர்தான் இல்ல. ஊர் திரும்பி அட்டையில மாடல் வெட்டி, அப்புறம் இரும்புல செஞ்சு, 1980ல பேட்டன்ட் வாங்கி, கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கி, கடைசில நண்பரோட சேர்ந்து தானே 1983ல விக்க ஆரம்பிச்சாரு. கத்திக்கு நடுவுல பிளேயரை வச்சதுதான் மொத்த ஐடியாவும். அப்படி இருக்க, அந்த பிளேயரையே நம்ப முடியாத அளவுக்கு சின்னதாக்கி வாங்கறதுல எனக்கு உடன்பாடு இல்லை.

பிளேயருக்கு அடுத்து எனக்கு முக்கியம் கத்திரி. சர்ஜ்ல கத்திரி நல்லா பெருசு, பிளேயரத் தெறக்காமலே வெளிப்பக்கமா இழுத்து எடுக்கலாம். போன வருஷம் ஒரு சின்னப் பையன் சைக்கிள் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவுல ஜீன்ஸ் காலு மாட்டி, பெடலை முன்னயும் சுத்த முடியல பின்னயும் சுத்த முடியல, பயத்துல அழுதுட்டு இருந்தான். அவன் கணுக்காலுக்குப் பக்கத்துல கத்திய கொண்டு போக எனக்கு மனசே வரல. ஜீன்ஸோட மடிச்சுத் தைச்ச ஓரம் நாலு மடிப்பு தடிமன் இருக்கும், அத அந்தக் கத்திரி மூணு வெட்டுல அறுத்துருச்சு. கத்தி எடுத்திருந்தா பையன் இன்னும் மிரண்டிருப்பான், சுத்தி நின்னவங்களும்தான். பொது எடத்துல கத்தியால ஆகுற வேலை கத்திரியால ஆகும்னா கத்திரியத்தான் எடுக்கணும், இதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

எடையைப் பத்திக் கேக்கறவங்களுக்கு. பாக்கெட்ல போட்டா சத்தியமா தாங்காது, பேண்ட்டை இழுக்கும், நடக்கறப்ப தொடையில இடிக்கும். பெல்ட்ல உறையோட மாட்டணும், பெல்ட்டும் தொளதொளன்னு இல்லாம கெட்டியா இருக்கணும். நான் மொதல்ல இடுப்புக்குப் பின்பக்கமா மாட்டி உக்காரும்போதெல்லாம் முதுகுல குத்தி அவதிப்பட்டேன், அப்புறம் இடது பக்கம் கொஞ்சம் முன்னாடி தள்ளினேன், ரெண்டு வாரத்துல இருக்கறதே மறந்து போச்சு. எடை பிரச்சனைன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு மாட்டுற எடம்தான் பிரச்சனைன்னு நான் நம்பறேன். உண்மையிலயே இடுப்பு வலி இருக்கறவங்க, பெல்ட்டே போடாதவங்க வேவ் பிளஸ் எடுங்க, இல்ல விக்டோரினாக்ஸ் கம்பெனியோட ஸ்விஸ்டூல் பாருங்க, அதுல எல்லா டூலும் பிளேயரத் தெறக்காமலே வெளிய வரும், ரொம்ப அழகான வேலைப்பாடு.

குறையும் சொல்லணும். ஒரு பெரியவரோட வாக்கர்ல போல்ட் லூஸாகி ஆடிட்டு இருந்துச்சு, ஒரு பக்கம் நட்டைப் புடிக்கணும் மறுபக்கம் போல்ட்டைத் திருகணும், பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும் ஒரே உடம்புல இருந்தா ரெண்டையும் ஒரே நேரத்துல எப்படிப் பயன்படுத்துறது? நல்ல வேளையா போல்ட் தலையில நேர்க்கோடு வெட்டு இருந்துச்சு, நட்டை பிளேயர்ல புடிச்சுக்கிட்டு ஒரு நாணயத்தை வச்சுத் திருகி சரி பண்ணோம். அது மாதிரி குழிக்குள்ள இருக்கற ஸ்க்ரூவுக்கு இதோட தடிச்ச உடம்பு போகாது, முனைய நீட்டிக்கற தண்டு, அதாவது எக்ஸ்டென்டர், தனியா வேணும். பிளேயரால நட்டை அடிக்கடி கழட்டி மாட்டினா நட்டோட மூலை தேஞ்சிரும், ஸ்பேனர் கைக்கு எட்டற தூரத்துல இருந்தா ஸ்பேனர்தான். அவசரத்துக்கு இது, தினசரி மெக்கானிக் வேலைக்கு இல்ல.

ஒண்ணு மட்டும் கை கூப்பிக் கேட்டுக்கறேன், கரன்ட் இருக்கற வயரை இதால தொடாதீங்க. எலக்ட்ரீஷியன் வச்சிருக்கற பிளேயர் மாதிரி இதுல இன்சுலேஷன் கிடையாது, நுனியில இருந்து பிடி வரைக்கும் முழுக்க இரும்பு. வயர் வெட்டற வசதி இருக்குன்னு படத்தப் பாத்துட்டு மெயினை ஆஃப் பண்ணாம வெட்டப் போனா உயிர் போயிரும். அந்த வயர் கட்டர் கூட சர்ஜ்லயும் வேவ் பிளஸ்லயும் தனியா கழட்டி மாத்தற மாதிரிதான் இருக்கு, கெட்டியான ஸ்டீல் கம்பிய வெட்டி ஓரம் பல்லுப் பல்லா போனாலும் மொத்தமா தூக்கிப் போட வேண்டாம். நான் ஒரு தடவை மாத்தியாச்சு.

ஸ்டெயின்லெஸ்னா துருவே புடிக்காதுன்னு நெனைக்காதீங்க. இடுப்பு வேர்வை, உப்புத் தண்ணி ரெண்டும் மூட்டுக்குள்ள எறங்கும், தோல் உறை ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கும். மாசத்துக்கு ஒரு தடவை சோப்புத் தண்ணில கழுவி, நல்லா காய வச்சு, ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டா போதும்.

சட்டம் எடத்துக்கு எடம் மாறும், அதையும் பாத்துக்கங்க. உதாரணமா பிரிட்டன்ல 3 இஞ்சுக்குள்ள இருக்கற, லாக் ஆகாத (விரிச்சதும் மடங்காம பூட்டிக்காத) மடக்குக் கத்திய காரணம் கேக்காம விடுவாங்க, லாக் ஆகுற கத்தின்னா பொது எடத்துல வச்சிருக்க தகுந்த காரணம் வேணும், சர்ஜ் கத்தி லாக் ஆகுறதுதான். விமானத்துல கேபினுக்குள்ள கத்தி இருக்கற மல்டிடூல விடமாட்டாங்க, செக்-இன் பெட்டிக்குள்ள போட்டுருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ராத்திரியே பெல்ட்ல இருந்து கழட்டி பெட்டிக்குள்ள வச்சிருங்க, பழக்க தோஷத்துல இடுப்போட போய் நின்னு செக்யூரிட்டில பறிகொடுத்தவங்கள ரெண்டு பேரை எனக்கே தெரியும்.