தூக்குச்சட்டி தூக்கிய பாவம்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் மீன்குழம்பு வாங்கத் தூக்குச்சட்டியோடு போனேன். கடைக்காரர் குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி, என் சட்டியில் கவிழ்த்து, டப்பாவைக் குப்பையில் எறிந்தார். "அளவு தெரிய வேண்டாமா அண்ணே?" நியாயம்தான்!

பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். உணவுக்கடைக்கு அந்தக் கணக்கு இல்லை. குப்பைச் சாம்பலைக் கொட்டும் செமக்காவ் தீவு நிரப்புநிலமோ 2035 வாக்கில் நிரம்பிவிடுமாம். இதைச் சொன்னேன். வரிசையில் நின்ற எங்கள் கீழ்மாடி அக்கா, "உங்கள் ஒரு டப்பாவாலா தீவு நிரம்பப்போகிறது?" என்று சிரித்தார். லாரியின் பின்புறம் ஊழியர்களை ஏற்றிச் செல்வது சரியா என்று நான் கேட்டபோது "நமக்கேன் வம்பு" என்றவரும் இவரேதான். அவர் கையில் நான்கு பிளாஸ்டிக் பைகள்.

வீடு வருவதற்குள் சட்டியிலிருந்து பாதிக் குழம்பு சிந்திவிட்டது. அக்கா மின்தூக்கியில் அதையும் பார்த்துவிட்டார்.