மேட் கருப்புக்குப் பாலிஷ் போட்டுவிடாதீர்கள்

"காரில் மேட் பிளாக் (பளபளப்பில்லாத கருப்பு) என்பது கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடிக்காமல் விட்ட கருப்பு பெயிண்ட்தான், கீறல் விழுந்தால் லேசாகப் பாலிஷ் போட்டால் போய்விடும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, இரண்டாவதை நம்பினால் பெரிய செலவு வரும்.

கிளியர் கோட் கண்டிப்பாக உண்டு. அது இல்லாவிட்டால் அடியில் இருக்கும் நிறம் வெயிலுக்குத் தாங்காது. 2007இல் வந்த லம்போர்கினி ரெவென்டோன் மாதிரி கம்பெனியிலிருந்தே மேட்டாக வரும் கார்களிலும் சரி, நல்ல பெயிண்ட் ஷாப்பில் அடிப்பதிலும் சரி, மேல்பூச்சு மேட் கிளியர்தான். அதில் கலந்திருக்கும் மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாக்குகின்றன, வெளிச்சம் நேராகத் திரும்பாமல் நாலா பக்கமும் சிதறுகிறது, அதனால்தான் பளபளப்பு இல்லை. பாலிஷ் என்ன செய்யும்? அந்தச் சொரசொரப்பைத் தேய்த்துச் சமமாக்கிவிடும். தேய்த்த இடம் மட்டும் திட்டாக மின்னும், அதை மறுபடி மேட்டாக்க அந்தக் கதவையோ பானட்டையோ முழுசாகத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

சாதாரண வாக்ஸும் வேண்டாம், பிரஷ் சுழலும் கார் வாஷும் வேண்டாம். மேட்டுக்கென்றே விற்கும் ஷாம்பு, மென்மையான துணி போதும். பறவை எச்சம் விழுந்தால் அன்றே ஊறவைத்துக் கழுவுங்கள், நாள் போனால் கறை நின்றுவிடும், அதையும் தேய்த்து எடுக்க வழியில்லை.

அந்தத் தோற்றம் மட்டும் போதும் என்றால் மேட் வினைல் ராப் (பெயிண்டின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டிக்கொள்ளலாம், கெட்டுப்போன பகுதியை மட்டும் உரித்து மாற்றலாம்.