நீ செலவழித்த காசை என் தலையில் கட்டாதே

பழைய ரேஸ் குவாட் (நாலு சக்கர ரேஸ் பைக்) வாங்க அலைகிறவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். 2008 மாடல் ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர். புது வண்டியாக ஷோரூமில் நின்றபோது விலை ஏழாயிரம் டாலர் சொச்சம். பதினைந்து வருடத்துக்கு மேல் சேற்றிலும் பாறையிலும் அடிபட்ட பிறகு, இன்றைக்கு ஒருவர் அதற்கு எட்டாயிரத்து ஐநூறு கேட்கிறார். ஏன் என்று கேட்டால், "இதில் பதினைந்தாயிரம் போட்டிருக்கிறேன், பில் எல்லாம் இருக்கிறது" என்கிறார். போட்டிருக்கட்டும். அவர் ஆசைப்பட்டுப் போட்டார், ஆசை தீர ஓட்டினார். அந்தப் பணத்தை நான் ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

இது ஒரே ஒருவரின் கதை இல்லை. ஒஹாயோ, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா என்று எந்தப் பக்கம் தேடினாலும் யானை விலை, குதிரை விலைதான். விளம்பரத்தைத் திறந்தால் முதல் பத்து வரியும் பிராண்ட் பெயர்கள். எல்கா ஷாக் அப்சார்பர், ஹவுசர் ஏ-ஆர்ம் (முன்சக்கரத்தைத் தாங்கும் கை), லோன்ஸ்டார் ஆக்சில், ஹாட் கேம்ஸ் கேம்ஷாஃப்ட் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கடைசி வரியில் "ரேஸுக்கு ரெடி, பேரம் பேசுகிறவர்கள் கூப்பிட வேண்டாம்". அந்த ஷாக்கைக் கடைசியாக எப்போது பிரித்து சர்வீஸ் செய்தார்? பிஸ்டன் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? ஓட்டியவரின் எடை என்ன? எங்கே ஓட்டினார், காட்டிலா, மேடு கட்டித் தாவும் மோட்டோகிராஸ் டிராக்கிலா, மணல்மேட்டிலா? வாங்குகிறவனுக்கு வேண்டியது இந்த நாலு விஷயம். இதில் ஒன்றைக்கூட யாரும் எழுதுவதில்லை.

ஆல்டர் செய்த வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜி.என்.சி.சி. (அமெரிக்காவின் காட்டு ரேஸ் தொடர்) மாதிரியான கிராஸ் கன்ட்ரி ரேஸில் கம்பெனி கொடுத்த வண்டியை அப்படியே கொண்டுபோய் நிறுத்த முடியாது. காட்டுக்குள் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரு சுற்றே எட்டுப் பத்து மைல். வேர், பாறை, ஓடை, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே குறுகலான சந்து. ஹேண்டில்பார் கையைப் பிடுங்காமல் இருக்க ஸ்டியரிங் டேம்பர், கால் பின்சக்கரத்தில் சிக்காமல் இருக்க நெர்ஃப் பார், ஆள் தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் தானாக அணைய உடம்போடு கயிற்றால் கட்டிய கில் சுவிட்ச், அடியில் ஸ்கிட் பிளேட், பெரிய பெட்ரோல் டேங்க், எல்லாமே வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் பூட்டினால் தாங்காது. அதனால்தான் ஏற்கெனவே தயார் செய்த வண்டியைத் தேடுகிறோம். காட்டு ரேஸ் ஓட்டியவர், கிட்டத்தட்ட என் எடையில் இருப்பவர், ஒழுங்காகப் பராமரித்த வண்டியை விற்றால் நான் ஒரு டாலர்கூடக் குறைத்துக் கேட்க மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டி வெளிச் சந்தைக்கே வராது, ரேஸ் இடத்தில் வண்டிகளை நிறுத்தும் பிட்டிலேயே கை மாறிவிடும்.

நமக்கு வந்து சேருவது என்ன? மோட்டோகிராஸ் வண்டியைக் காட்டு ரேஸ் வண்டி என்று தலையில் கட்டப் பார்க்கிறார்கள். மோட்டோகிராஸ் குவாட் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும். திருப்பத்தில் கவிழக் கூடாது என்று ஏ-ஆர்மை நீட்டி, ஆக்சிலை விரித்து 50 அங்குலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். காட்டுக்குள் அந்த அகலம் மரத்தில் போய் இடிக்கும். யமஹா 2010-இல் ஒய்எஃப்இசட்450எக்ஸ் என்று காட்டு ரேஸுக்கென்றே ஒரு மாடலை 46 அங்குல அகலத்தில் இறக்கியது. அதே வண்டியின் 450ஆர் மாடல் ஏறத்தாழ 49 அங்குலம். மூன்று அங்குலத்தைக் குறைப்பதற்காக ஒரு கம்பெனி தனி மாடலே போட்டிருக்கிறது. கேன்-ஆம் டிஎஸ்450-லும் மோட்டோகிராஸுக்கு ஒன்று, கிராஸ் கன்ட்ரிக்கு ஒன்று என்று தனித்தனியாக வந்தன. இதெல்லாம் விற்கிறவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே "எதற்கும் ஓட்டலாம்" என்கிறார்.

அந்த வண்டியை வாங்கினால் நான் என்னென்ன மாற்ற வேண்டும் என்று பாருங்கள். நீட்டிய ஏ-ஆர்மைக் கழற்ற வேண்டும். லாங் டிராவல் ஷாக் என்றால் அது அந்த ஏ-ஆர்முக்குத்தான் பொருந்தும், அதனால் அதுவும் போக வேண்டும். ஆக்சில் போக வேண்டும். ஆக, எந்தப் பாகங்களைக் காட்டி மூவாயிரம் கூடுதலாகக் கேட்கிறாரோ, அதே பாகங்களை நான் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். கழற்றிய பழைய கம்பெனி பாகங்களாவது இருக்கிறதா என்றால், "அதையெல்லாம் அப்போதே விற்றுவிட்டேன்" என்பார். அதில் வந்த காசு அவர் பையில், செலவு மட்டும் என் கணக்கிலா?

ஷாக் விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். நல்ல ரேஸ் ஷாக் என்பது ஓட்டுகிறவரின் எடைக்கும் வேகத்துக்கும் பார்த்து ஸ்பிரிங் போட்டு, உள்ளே எண்ணெய் ஓட்டத்தைச் சரிசெய்து (வால்விங்) கொடுப்பது. நூறு கிலோ ஆளுக்குப் போட்ட ஷாக்கில் எழுபது கிலோ ஆள் உட்கார்ந்தால் அது கல் மாதிரி கிடக்கும். முதல் அரை மணியிலேயே முன்னங்கை மரத்துவிடும். ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார், வாக்கர் ஃபவுலர் வண்டி செட்டப் அப்படியே இதில் இருக்கிறதாம். ஃபவுலர் எத்தனையோ முறை ஜி.என்.சி.சி. சாம்பியன், அந்த ஷாக் அவருடைய எடைக்கும் அவருடைய வேகத்துக்கும் செய்தது. ரேஸ் முடிந்தால் அவர் வண்டியைப் பிரித்துப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். வார நாளில் வேலைக்குப் போய்விட்டு வார இறுதியில் ஓட்டுகிற நமக்கு அதனால் என்ன லாபம்? திரும்ப ஸ்பிரிங் மாற்றி வால்விங் செய்யப் பல நூறு டாலர் நான்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் எஞ்சின். இந்த 450 சிசி குவாட்களில் பலவற்றுக்கு ஓடோமீட்டரே கிடையாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்கு விற்கிறவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. ஹவர் மீட்டர் மாட்டியிருந்தாலும் அது எப்போது மாட்டியது என்று யார் சொல்வார்கள்? "இப்போதுதான் டாப் எண்ட் (எஞ்சின் மேல்பாதி) வேலை செய்தேன்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன பிஸ்டன், சிலிண்டருக்கு மறுபடி பிளேட்டிங் செய்ததா, வால்வு மாற்றியதா, யார் செய்தது என்று கேட்டால் பேச்சு மாறும். இந்த எஞ்சின்களில் பலவற்றுக்கு டைட்டானியம் வால்வு. அதன் முகம் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறும், இடைவெளி குறையும். மெல்லிய ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு) போட்டுச் சரிக்கட்டலாம். ஒரு முறை, இரண்டு முறை ஓடும், அதற்கு மேல் வால்வையே மாற்ற வேண்டும். ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி, இப்போது உள்ளே இருக்கும் ஷிம்மின் தடிமன் என்ன? உண்மையாகவே வேலை செய்தவரால் அதற்கு உடனே பதில் சொல்ல முடியும்.

கம்ப்ரெஷன் கேஜ் வைத்துக் காட்டுகிறேன் என்பார்கள். இந்த வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரெஷனைத் தளர்த்தும் அமைப்பு கேம்ஷாஃப்டிலேயே இருக்கிறது, கேஜ் சரியாகக் காட்டாது. சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவை அளக்கும் லீக்டவுன் டெஸ்ட் செய்தால்தான் ரிங்கும் வால்வும் எப்படி இருக்கின்றன என்று தெரியும். செய்யலாமா என்று கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. பதிமூன்றுக்கு மேல் கம்ப்ரெஷன் பிஸ்டன் போட்டிருப்பதை "பவர் பிச்சுக்கொண்டு போகும்" என்று விற்கிறார்கள். அதற்கு ரேஸ் பெட்ரோல் ஊற்ற வேண்டும், விலை கையைக் கடிக்கும் என்பதைச் சொல்வதில்லை. போதாததற்கு ஜி.என்.சி.சி.யில் எஞ்சினை அணைத்து வைத்துத்தான் வரிசையில் நிற்க வேண்டும், கொடி அசைந்த பிறகுதான் ஸ்டார்ட். முறுக்கிவிட்ட எஞ்சினும் களைத்த பேட்டரியும் அங்கே தடுமாறினால் மொத்த வரிசையும் நம் மீது சேற்றை இறைத்துவிட்டுப் போய்விடும்.

சமீபத்தில் பாதி மாநிலத்தைக் கடந்து ஒரு யமஹாவைப் பார்க்கப் போனேன். நான் வந்து சேரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஜில்லென்ற எஞ்சினில்தான் குறை தெரியும் என்று ஃபோனில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். போய் எக்ஸாஸ்ட் பைப் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறது. "கழுவினேன், காயவைக்க ஓடவிட்டேன்" என்றார். முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பால் ஜாயிண்ட் டொக் டொக் என்றது. சீட்டைத் தூக்கி ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். ஃபில்டர் புத்தம் புதிது, எண்ணெய் பளபளக்கிறது. அதற்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரலை விட்டுத் தடவினேன். விரல் நுனி முழுக்க நைசான மண். ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குள் மண் போயிருக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றும் அந்த மண்ணை அரைத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. விரலை நீட்டிக் காட்டினேன். "லேசான தூசிதானே" என்றார். புது ஃபில்டர் வாங்கிப் போடத் தெரிந்த ஆளுக்கு அந்த மண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் இருக்காது. ரேஸ் ஓட்டுகிற ஒருவர் இன்னொரு ரேஸ் ஓட்டுகிறவனிடம் செய்யக்கூடிய காரியமா இது?

இவர்களுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது? வேறு வழி இல்லை என்று தெரிந்துதான். 2004-இல் யமஹாவும் ஹோண்டாவும் 450 குவாட்களை இறக்கின. 2006-இல் சுசுகி எல்டி-ஆர்450, 2008-இல் கவாசகி, கேடிஎம், கேன்-ஆம் என்று போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். அப்புறம் பொருளாதாரம் சரிந்தது, ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். ஜப்பான் கம்பெனிகளில் யமஹா ஒன்றுதான் ரேஸ் 450-ஐ விடாமல் செய்துகொண்டிருந்தது. அதன் புது வண்டியே சுமார் பத்தாயிரம் டாலர், அதற்கு மேல் காட்டு ரேஸ் சாமான்கள். அதனால் பழைய ஹோண்டாவும் சுசுகியும் வைத்திருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறார்கள். புதிதாக இந்த ரேஸுக்கு வர நினைக்கிற பையன்கள் முதல் வண்டியிலேயே சேமிப்பைத் தொலைத்துவிட்டு, முதல் சீசனிலேயே போய்விடுகிறார்கள். ஸ்டார்ட் லைனில் குவாட்கள் குறைகின்றன என்று புலம்புகிறவர்களும் இதே விற்பனைக்காரர்கள்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஃபிரேம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. புதிதாக பவுடர் கோட்டிங் அடித்த ஃபிரேம் என்றால் நான் முதலில் ஏ-ஆர்ம் மாட்டும் இடத்தையும் ஷாக் மாட்டும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். விரிசலுக்கு வெல்டிங் வைத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்திருந்தால் அந்த வண்டி பக்கமே போகக் கூடாது. எங்கள் ஒஹாயோவில் டைட்டில் (உரிமைப் பத்திரம்) இல்லாமல் குவாட்டைப் பதிய முடியாது. "தொலைந்துவிட்டது, வெள்ளைத் தாளில் எழுதித் தருகிறேன்" என்பவரிடம் சேசிஸ் நம்பரைக் கேளுங்கள். திருட்டு வண்டியா என்று என்.ஐ.சி.பி. தளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். நம்பர் தர மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

விற்கிறவர்களே, உங்கள் பில் கட்டு எனக்கு வேண்டாம். உங்கள் எடையை எழுதுங்கள். அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். வால்வு இடைவெளி, ஷிம் தடிமன், ஷாக் சர்வீஸ் செய்த தேதி, என்ன பெட்ரோல் என்பதை எழுதுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள். நான் வரும்போது எஞ்சின் ஜில்லென்று இருக்கட்டும். விலையை அப்புறம் பேசலாம்.