கணக்கே பேசலாம் சார்

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் நடந்த கூத்தை எங்கள் அப்பார்ட்மென்ட்காரர்கள் நேரிலேயே பார்த்தீர்கள், மற்றவர்கள் என் போன பதிவில் படித்திருப்பீர்கள். ராத்திரி வாட்ச்மேனை நிறுத்திவிட்டு கேட்டுக்கு ஒரு ஆப், நாலு கேமரா வைக்கப் போகிறார்களாம். கேட்டால் சிக்கனமாம். நான் எழுந்து பேசினதுக்கு வந்த பதில், "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம், இது கணக்கு." அதுக்குக் கைதட்டல் வேறு.

சரி, கணக்கே பேசலாம். வங்கியில் கணக்கு எழுதியே தலை நரைத்தவள் நான், இந்தச் சங்கத்துக்குப் பொருளாளராகவும் இருந்தவள். இந்தக் கட்டடத்தில் பணம் எங்கே ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியும். அது வாட்ச்மேன் சம்பளத்தில் ஒழுகவில்லை. தண்ணீரிலும் கரண்டிலும் ஒழுகுகிறது.

சென்னையில் மேடவாக்கம் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கோடை வந்தால் போர் தண்ணீர் பாதி, லாரி பாதி. 12,000 லிட்டர் லாரி என்று பில் போடுவார்கள். உள்ளே எவ்வளவு இருந்தது என்று யார் பார்த்தார்கள்? எங்கள் ராத்திரி வாட்ச்மேன் அண்ணன் பார்த்தார். ஒரு நீளக் கம்பில் பெயின்ட்டால் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறார். லாரி வந்ததும் சம்ப் மூடியைத் திறந்து கம்பை விட்டு ஈரம் எந்தக் கோடு வரை என்று பார்ப்பார், இறக்கி முடித்ததும் மறுபடி விட்டுப் பார்ப்பார், கோடு ஏறவில்லை என்றால் கையெழுத்துப் போட மாட்டார். விடிகாலை நாலு மணிக்கு டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்பார், நாம் எல்லாம் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டு இருப்போம். அந்தக் கம்பு வந்த பிறகு லாரி பில் எப்படி இறங்கியது என்று நோட்டில் இருக்கிறது. கேமரா கம்பு விட்டுப் பார்க்குமா சார்?

அப்புறம் மேல் டேங்க். டேங்க் நிரம்பினதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் ஸ்விட்ச் உப்புத் தண்ணீரில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும், மோட்டார் பாட்டுக்கு ஓடும், தண்ணீர் மொட்டை மாடியில் வழிந்து வீணாகப் போகும். ஸ்விட்ச் மாற்றினோம், மெக்கானிக் வந்தார், போனார், மறுபடியும் அதே கதை. இந்த அண்ணன் என்ன செய்தார் தெரியுமா, ஓவர்ஃப்ளோ குழாயில் பழைய ஓஸ் பைப் ஒன்றை மாட்டி ஜெனரேட்டர் ரூம் தகரக் கூரை வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார். டேங்க் நிரம்பினால் தகரத்தில் தடதடவென்று சத்தம், உடனே மோட்டாரை நிறுத்திவிடுவார். செலவு? கட்டுக்கம்பிக் காசு. இந்த மூளையைத்தான் 'தேவையில்லாத செலவு' என்று பவர்பாயின்ட்டில் சிவப்பு நிறத்தில் போட்டுக் காட்டினீர்கள்.

கரண்டுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் அப்பார்ட்மென்ட்டின் பொது விளக்கு, மோட்டார், லிஃப்ட் மாதிரி பொது உபயோகத்துக்கென்று தனிக் கட்டணம் கொண்டுவந்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். பத்து வீட்டுக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் 2023-ல் 5.50 ஆகக் குறைத்தார்கள், நமக்கு அது கிடையாது. கார் நிறுத்துமிடத்தில் பழைய டியூப்லைட் இருபது இருக்கிறது. சோக்கோடு சேர்த்து ஒன்று 50 வாட், ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 12 யூனிட். ரெண்டு மாச பில்லுக்கு 720 யூனிட், அந்த 8 ரூபாய்க் கணக்கிலேயே 5,760 ரூபாய். 18 வாட் எல்இடி போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சார் வைத்தால் இன்னும் குறையும். இதை நான் எத்தனையோ முறை எழுதிக் கொடுத்தாயிற்று. "பார்க்கலாம் மேடம்."

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயம் ஆனது. நம்முடைய தொட்டி மேல் டைல்ஸ் ஒட்டிப் பூந்தொட்டி வைத்திருக்கிறோம், பார்க்க அழகாக இருக்கிறது. நம் மொட்டை மாடி ஆறாயிரம் சதுர அடி. ஒரே நாளில் 50 மி.மீ. பெய்தால் 27,000 லிட்டருக்கு மேல் விழுகிறது, முதல் அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டால்கூட ரெண்டு லாரித் தண்ணீர். நவம்பரில் சென்னைக்கு 50 மி.மீ. ஒரு மழையா? 2019-ல் குடத்தோடு அலைந்ததை அதுக்குள் மறந்துவிட்டோம். 2024-ல் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது குழாய் வாயில் மாட்டித் தண்ணீரை மிச்சம் பிடிக்கிற ஏரேட்டரை மாட்டச் சொல்லிக் கட்டாயமே ஆக்கினார்கள். இங்கே நான் ஏரேட்டர் என்றதும், "ஷவர்ல ஃபோர்ஸ் குறையுமே" என்றார் ஒருத்தர்.

இப்போது கமென்ட்டில் வந்து கேட்பீர்கள், "நீங்க பொறுப்புல இருந்தப்ப ஏன் செய்யல?" செய்தேன். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து மாடிப்படி துடைக்கிறது என் காலத்தில் வந்தது, அந்த யோசனையும் பெருக்குகிற அக்கா சொன்னதுதான். அடுத்து, "சீனியர் சிட்டிசன்ஸ் எல்லாம் மெயின்டெனன்ஸ் ஏறினா எங்க போவாங்க?" நானும் பென்ஷன்காரிதான், எனக்கும் கை கடிக்கிறது. அதுக்காக நம்மைவிட வயசான ஒரு மனுஷனின் சோற்றில் கை வைக்கணுமா? "ஆப் வந்தா பாதுகாப்பு." சரி, போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அதுக்காக ஆளை நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மெக்கானிக் ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் வருஷா வருஷம் ஏறும்போது ஒரு கேள்வி கிடையாது. தீபாவளிக்கு அந்தப் பெருக்குகிற அக்காவுக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸ் என்றால் மட்டும் அத்தனை பேரும் ஆடிட்டர் ஆகிவிடுகிறோம். அவர் லிஃப்டில் ஏறினால் முகம் சுளிக்கிறவர்களும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். வாட்ச்மேனுக்குக் கழிப்பறை கட்டச் சொல்லித் தீர்மானம் போட்டோம், அந்த ஃபைல் எங்கே?

இதெல்லாம் பேசினால் எனக்கு ஏதோ லாபம் இருக்கிறதாம். "பழைய பொருளாளருக்கு வாட்ச்மேன் ஏஜென்சியில கமிஷன் போல" என்று குரூப்பில் ஒருத்தர் போட்டு, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரு டீக்குக்கூடச் சங்கப் பணத்தைத் தொட்டதில்லை நான், பேங்குக்குப் போன ஆட்டோவுக்கும் என் கைக்காசுதான்.

லாரி நோட்டு, கரண்ட் பில், ரசீது எல்லாம் என் வீட்டு மேசை மேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், காபி தருகிறேன். கணக்கைப் பார்த்து முடிக்கும்வரை அண்ணனை நிறுத்தக் கூடாது என்று இருபது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் நாளைக்குச் செயலாளர் கைக்கு வரும். கமிஷன் என்று எழுதிய சார், நீங்கள் மட்டும் வரும்போது உங்கள் நாலு மாச மெயின்டெனன்ஸ் பாக்கியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.