கடைசியாக வெளிவந்தது வேறு, கடைசியாகப் பதிவானது வேறு

ஒருவர் தன் விமர்சனத்தில், பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் ‘லெட் இட் பீ’ ஆல்பத்துக்கு ஐந்துக்கு இரண்டு போட்டு, “அபி ரோடு முடித்த பிறகு பதிவு செய்தது, அந்தக் களைப்பு பாட்டுக்குப் பாட்டு தெரிகிறது” என்று எழுதியிருக்கிறார். (‘அபி ரோடு’ அதே குழுவின் இன்னொரு ஆல்பம்.) மதிப்பெண் அவரவர் காதைப் பொறுத்தது, அதில் தலையிடவில்லை. ஆனால் சொன்ன காரணம் தலைகீழ்.

‘லெட் இட் பீ’ கடைசியாக வெளிவந்தது, 1970 மே மாதம். அதன் பெரும்பகுதி பதிவானதோ 1969 ஜனவரியில். ‘டிக் எ போனி’, ‘ஐ'வ் காட் எ ஃபீலிங்’, ‘ஒன் ஆஃப்டர் 909’ மூன்றும் ஜனவரி 30 அன்று லண்டனில் மொட்டை மாடியில் வாசித்தவை. அந்தக் குளிரில், அந்த உற்சாகத்தோடு வாசித்ததில் களைப்பு எங்கே கேட்டதோ! ‘அக்ராஸ் தி யுனிவர்ஸ்’ இன்னும் பழசு, 1968 பிப்ரவரி. ‘அபி ரோடு’ வேலை பெரும்பாலும் இதற்கெல்லாம் பிறகுதான் நடந்து, 1969 செப்டம்பரில் வெளியானது.

சரி, 1970இல் எதுவுமே நடக்கவில்லையா? நடந்தது. ஜனவரியில் குழுவின் நால்வரில் லென்னன் இல்லாமல் மற்ற மூவரும் ‘ஐ மீ மைன்’ பதிவு செய்தார்கள். அப்புறம் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் வந்து ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ மேல் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் ஏற்றினார். குழுவில் ஒருவரான மெக்கார்ட்னிக்கு அது பிடிக்கவே இல்லை. எனக்கும்தான்.

ஸ்பெக்டரின் அந்தப் பூச்சு உறுத்துகிறது என்றால், அது இல்லாமல் 2003இல் வந்த ‘நேக்கட்’ பதிப்பைக் கேட்டுவிட்டு மறுபடி மதிப்பெண் போடுங்கள். நான் மூன்றரை கொடுப்பேன்.