எல்லாருக்கும் ஒரே மூன்று நாள்

"வாரத்தில் மூன்று நாள் கட்டாயம் ஆபீஸ்" என்று எங்கள் நிறுவனத்தில் அறிவித்ததும், என் டீமின் எட்டுப் பேரில் யாருக்கு எது வசதி என்று நானே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கைக்குழந்தைக்காரிக்கு வீடு. காரப்பாக்கம் பி.ஜி.யில் நாலு பேரோடு ஒரே அறையில் கிடக்கும் பையனுக்கு ஆபீஸ்: ஏசி, மேசை, சாப்பாடு. இரண்டு கணக்குமே தப்பு. (இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர்களை மாற்றியிருக்கிறேன்.)

அவள் கூடுவாஞ்சேரியிலிருந்து வர வேண்டும். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் வந்து போகவே மூன்று மணி நேரம். ஆனாலும், "அக்கா, அஞ்சு நாளும் வந்துடறேனே" என்றாள். வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தால் அது வேலைக் கணக்கிலேயே வராதாம். சிலிண்டர் வந்தாலும் அவள், மழை தூறினால் மாடித் துணிக்கும் அவள், மாமியாரின் பிரஷர் மாத்திரைக்கும் அவள். 2017இல் திருத்திய மகப்பேறுச் சட்டத்தில், விடுப்பு முடிந்தபின் வேலை இடம்கொடுத்தால் நிர்வாகத்தோடு பேசி வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதைச் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அவள் கேட்டது அதே சட்டத்தின் வேறொரு பிரிவை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமே, அது எங்கே?

பையனின் அப்பாவுக்கு ராஜபாளையத்தில் வாரம் இரண்டு டயாலிசிஸ். அம்மா தனியாக ஆட்டோவில் கூட்டிப்போகிறார். இதைப் பற்றி அவன் ஆறு மாதமாக எங்களிடம் மூச்சு விடவில்லை. "சொன்னா சலுகை கேக்கற மாதிரி இருக்கும்ல" என்றான். காரணத்தைச் சொல்லி நிரூபித்தால்தான் வீடு என்று வைத்தால், வாயுள்ள பிள்ளை மட்டும்தான் பிழைக்கும்.

ஷாங்காயின் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 கடைசியில் தொடங்கி, தன் கால் சென்டரில் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தியது. விரும்பிக் கேட்டவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்; அவர்கள் முடித்த வேலை 13 சதவீதம் கூடியது. எனக்குப் பிடித்தது அப்புறம் நடந்தது. மறுபடி விருப்பம் கேட்டபோது, வீட்டில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமை முக்கியமான காரணம். அவரவர் இடத்தை அவரவரே தேர்ந்தெடுத்தபின் ஆதாயம் 22 சதவீதமானது. கேட்டு வாங்கியவர்களுக்கே ஒன்பது மாதத்தில் மனசு மாறுகிறது, நான் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருந்தேன்!

ஆபீஸ் வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஃப்ரெஷர்கள், பக்கத்து நாற்காலியில் திரும்பிக் கேட்க வேண்டியதை சாட்டில் தட்டி, அழித்து, கடைசியில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அதனால் புதன்கிழமை மட்டும் எல்லாரும் வர வேண்டும் என்றேன். மற்ற நாட்கள் அவரவர் விருப்பம், காரணம் கேட்க மாட்டேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இதிலும் சண்டை உண்டு. தினமும் வருகிறவர் தலையில்தான் திடீர் வேலையெல்லாம் விழுகிறது என்று ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். உண்மைதான். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

மேலிடம் பார்ப்பதோ கார்டு ஸ்வைப் கணக்கு மட்டும். இந்த மாதப் பட்டியலில் பையன் பெயர் சிவப்பில் இருக்கிறது, விளக்கம் கேட்டு எனக்கு மெயில். அப்பாவின் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவன் முடித்த வேலைகளின் பட்டியலை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.