தலைமடைக்காரர் ஏன் தண்ணீர் விடுகிறார்?

வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். தண்ணீர் முதலில் தலைமடைக்குத்தான் வருகிறது. தன் வயல் நிறைந்த பிறகுதான் கீழே விடுவேன் என்று அங்கிருப்பவர் சொன்னால் கடைமடைக்காரர் என்ன செய்ய முடியும்? எங்கள் ஊரில் இந்தச் சண்டை இல்லாத போகம் கிடையாது.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் ‘சுபக்’ என்று விவசாயிகளின் பாசனச் சங்கங்கள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுப் பழமையான ஏற்பாடு. எந்த சுபக் எப்போது நடுவது, எப்போது தரிசு போடுவது என்பதைத் தண்ணீர்க் கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் ஏரியின் தெய்வமான தேவி தனுவின் கோயில்.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. புது நெல்லை எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை நடுங்கள் என்றது அரசு. கோயில் அட்டவணை கைவிடப்பட்டது. தொடக்கத்தில் விளைச்சல் கூடியது உண்மைதான். அப்புறம் தண்ணீர் முறை குழம்பியது, நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி வந்தது. அதைத் தாங்கும் ரகம் கொடுத்தார்கள். துங்ரோ என்ற நெல் நோய் வந்தது. பழைய முறைக்கே போகிறோம் என்று விவசாயிகள் கேட்டபோது, அது வெறும் சாமி நம்பிக்கையாகத்தான் பார்க்கப்பட்டது.

இங்கேதான் ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் வருகிறார்கள். இரண்டு ஆறுகளை ஒட்டிய 172 சுபக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்தார்கள். கோயிலும் இல்லை, தலைவரும் இல்லை. ஒவ்வொரு சுபக்கும் ஏதோ ஒரு நடவுக் காலத்தில் தொடங்கும். ஆண்டு முடிவில் அக்கம்பக்கத்தைப் பார்த்து, நன்றாக விளைந்தவரின் முறையை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விதி. சில சுற்றுகளிலேயே, கோயில்கள் நடைமுறையில் வைத்திருந்த குழுக்களைப் போன்ற குழுக்கள் தாமாகவே உருவாயின. விளைச்சலும் ஏறியது. இந்த ஆய்வு 1993இல் வெளியானது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில்தான் தலைமடைக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பெரிய பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அறுத்துத் தரிசு போட்டால் பூச்சிக்குத் தீனி இல்லை, தங்க இடமில்லை. கீழே இருப்பவர் தண்ணீர் கிடைக்காமல் தாமதமாக நட்டால், அங்கே வளரும் பூச்சி மேலே ஏறி வரும். உங்களுக்குப் பெரிய கவலை எது என்று விவசாயிகளைக் கேட்டபோது, மேலே இருந்தவர்கள் பூச்சி என்றும் கீழே இருந்தவர்கள் தண்ணீர் என்றும் சொன்னார்கள். ஒருவருடைய பயம் இன்னொருவருக்குத் தண்ணீராகப் போகிறது!

கம்ப்ளெக்சிட்டி சயின்ஸ் என்று இன்று சொல்லப்படுவது இதைத்தான். இயற்கை, சமூகம், தொழில்நுட்பம் மூன்றும் பின்னிக்கிடக்கும் இடத்தில் ஒரு நூலை மட்டும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற அறிவியல். சில கணித நிபுணர்களின் பொழுதுபோக்காக இதைப் பார்ப்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. பாலியில் பாசனத்தை ஒரு துறை பார்த்தது, விதையை இன்னொரு துறை பார்த்தது, பூச்சிக்கு மருந்தை வேறொருவர் கொடுத்தார். அவரவர் கணக்கு அவரவர் தாளில் சரியாகவே இருந்திருக்கும். வயலில்தான் எல்லாம் ஒன்றாக இருந்தன. நம் வேளாண் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இந்த 172 சுபக் மாதிரியை மாணவர்கள் தங்கள் கையாலேயே கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2012இல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது வயல்கள் விடுதிகளாகின்றன, தண்ணீர் ஓட்டல்களுக்குப் போகிறது. நடுவில் ஒரு வயல் விற்கப்பட்டால் போவது அந்த ஒரு வயலின் நெல் மட்டுமல்ல. அதன் வழியாகத் தண்ணீர் வாங்கியவர், அதனோடு சேர்ந்து தரிசு போட்டவர் எல்லோருடைய கணக்கும் மாறுகிறது. நில விற்பனைக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் அதற்கு முன் அந்த சுபக்கின் கூட்டத்தில் ஒரு நாளாவது போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.